பாட்டை நிறுத்தும் விரல்

என் கைபேசியில் பாட்டு ஓடுகிறது, கட்டைவிரல் தயாராக இருக்கிறது. ஒரே பக்கம் பார்த்தபடி ஒரே வரிசையில் போட்ட ஐந்து நாற்காலிகளை ஆறு வாண்டுகள் காகிதத் தொப்பியோடு சுற்றுகிறார்கள். பாட்டு நின்றதும் உட்கார இடம் கிடைக்காத பிள்ளை அவுட். பிறந்தநாள் கொண்டாடும் என் மகனின் முழங்கையில், நான் குண்டூசி என்று பெயர் வைத்திருக்கும் எதிர்வீட்டு வாண்டு போன வாரம் கடித்த பல்தடம் இன்னும் ஊதாவாகத் தெரிகிறது. "நாலு வயசுக் குழந்தைக்கு என்னங்க தெரியும், விடுங்க" என்ற அவள் அம்மா, இப்போது சுவரோரமாகப் பழச்சாறு உறிஞ்சுகிறாள். விடுவேனா? குண்டூசியின் சிவப்பு ஷூ அடிக்கு அடி மினுக் மினுக்கென்று எரிகிறது. அது வரிசையின் முதுகுப்பக்கம் வருகிறவரை பொறுத்திருந்து அழுத்துகிறேன். தடதடவென்று ஐந்து பேர் உட்கார, அவள் மட்டும் நிற்கிறாள். என் வயிறு குளிர்கிறது. அவளுக்கு உதடு பிதுங்குகிறது, ஆனால் அழவில்லை. நேரே என்னிடம் வந்து கையை நீட்டுகிறாள். "அவுட் ஆனவங்கதான் அடுத்து பாட்டை நிறுத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க, ஆன்ட்டி?" யாரும் அழக்கூடாதென்று நானே போட்ட விதி. எல்லாரும் பார்க்கிறார்கள், கொடுத்துவிடுகிறேன். ஒரு நாற்காலி குறைகிறது, பாட்டு மறுபடி கிளம்புகிறது. என் முழங்காலில் சாய்ந்துகொண்டு அவள் என் மகனை மட்டும் பார்க்கிறாள். அவன் வரிசையின் முதுகுப்பக்கம் திரும்புகிறவரை பொறுத்திருக்கிறாள். பாட்டு நிற்கிறது.