மாற்று ஆள்

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நான்கு நாற்காலிகளில் மூன்று காலி. சம்பளம் கட்டுப்படியாகாமல் இரண்டு பேர் விலகிவிட்டார்கள், ஒருவருக்குக் காய்ச்சல். ஆறாவது நாளாக இரட்டை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் மதியம் மனைவியை அழைத்தார்.

"என்னை மாத்திவிட ஆளே வரலைம்மா. வர லேட்டாகும்."

அவள் தயங்கினாள். "யாருங்க பேசறது? அவர் அப்பவே வந்து சாப்பிட்டாச்சே. உள்ள சட்டை மாத்திட்டிருக்கார்."

"என் குரல் தெரியலையா?"

"தெரியுது. அதான் பயமா இருக்கு."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் மகளைச் செல்லப்பெயர் சொல்லி அழைத்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்.

அவர் பாதி எழுந்தார். இறங்க அனுமதி கேட்டு ஐந்து விமானங்கள் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. திரும்ப உட்கார்ந்து முதல் விமானத்துக்குப் பதில் சொன்னார்.

போன் இருந்த இன்னொரு காதில் மகள் சிரித்தபடி ஓடினாள். "தோ வரேன்ப்பா!"