மாடி வீட்டுக்குப் பத்துக் கேள்விகள்

"கல்யாணம் எந்தத் தேதி?" என்று ஜெப்சி கேட்டாள்.

"மே பன்னெண்டு," என்றான் ஷாஜன்.

"இருபத்தொண்ணு. பன்னெண்டு, அந்த சார் நம்மள வரச்சொன்ன மணி."

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஷாஜன் மூன்றாவது ரசவடையைத் தின்றுகொண்டிருந்தான். ஜெப்சியின் கையில் ஒரு நோட்டுத் தாள் இருந்தது. வீட்டு புரோக்கர் செல்வன் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்த பத்துக் கேள்விகளும், அவற்றுக்கு அவள் எழுதிய பதில்களும் அதில் இருந்தன. மூன்று நாளாக அவனை மனப்பாடம் செய்ய வைத்தும் ஒன்றும் ஏறவில்லை.

இந்த வீடு கை நழுவினால் ஜெப்சிக்கு மறுபடியும் மார்த்தாண்டம் பஸ்தான் கதி. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பெரும்பாலும் நின்றுகொண்டே. ராமவர்மபுரத்து மாடி வீட்டிலிருந்தோ மருத்துவமனைக்கு ஐந்து நிமிட நடை. ஊருக்கு நடுவில் இருந்தும், ஒரு தேங்காய் விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு அமைதியான சந்து அது.

ஆனால் வீட்டுக்காரர் ரசலையன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பரீட்சை வைக்காமல் வீடு தரமாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் அதே மாடியில் ஒரு ஜோடி குடியிருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுத் தருகிறோம் என்று சந்தில் நான்கு வீடுகளில் நகை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கல்யாணம் இன்னும் முடியவில்லை. போன நகைகளில் ரசலையனின் மனைவி நேசபாயின் சங்கிலியும் ஒன்று. அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டியே இல்லை என்று போலீஸ் சொன்னபோதுதான் ரசலையனுக்குச் சங்கிலி போனதைவிட அதிகமாக வலித்தது. கல்யாண சர்டிபிகேட், போட்டோ ஆல்பம் எல்லாம் பார்த்துத்தான் அவர் வீடு கொடுத்திருந்தார்.

அதிலிருந்து அவர் காகிதத்தை நம்புவதில்லை. ஆணைக் கார் ஷெட்டிலும் பெண்ணை ஹாலிலும் உட்காரவைத்து ஒரே பத்துக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார். எட்டுக்குக் குறைந்தால் வீடு இல்லை.

ஷெட்டில் உட்கார்ந்ததுமே ஷாஜனுக்கு வியர்த்தது. கல்யாணத் தேதியை மே பன்னிரண்டு என்றான். கல்யாணப் புடவை வெள்ளை என்றான். ஹாலில் ஜெப்சி சந்தனக் கலர் என்று சொல்லியிருந்தாள். அவள் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் யோசித்து, டிசம்பர் இருபத்தைந்து என்றான்.

"மாமியாருக்க பேரு?"

"மாமி."

"பேரைக் கேட்டேன்."

"மாமிய மாமின்னு தானே சார் விளிக்கும்? பேரு விளிச்சா அடி விழும்."

கல்யாண வீட்டில் எத்தனை பாயசம் என்ற கேள்விக்கு மட்டும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று என்றான். அடப்பிரதமனில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தண்ணியாக இருந்ததையும், பால் பாயசத்துக்குப் போளி வைத்ததையும், அந்தப் போளி கடைசிப் பந்திக்குக் கிடைக்காமல் போனதையும் கேட்காமலே சொன்னான். ஜெப்சியும் மூன்று என்றே சொல்லியிருந்தாள்.

ரசலையன் இரண்டு பேரையும் ஹாலில் நிறுத்தி, சிவப்பு மையில் போட்ட மதிப்பெண்ணைக் காட்டினார். பத்துக்கு ஒன்று.

"அந்த ஒரு மார்க்கும் சாப்பாட்டுல," என்றார். "யாருக்க கல்யாணத்துலயோ போய்த் தின்னத இஞ்ச வந்து சொல்லுதான்."

ஜெப்சிக்கு அழுகை வந்துவிட்டது. "மூணு நாளா சொல்லிக் குடுத்தேன் சார். இவருக்கு ஒண்ணும் ஓர்ம நிக்காது."

ரசலையனின் முகம் மலர்ந்தது. "சொல்லிக் குடுத்தியா? கேட்டியா நேசபாய், அவளுக்க வாயாலயே வந்துட்டு."

நேசபாய் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரசலையன் போனை எடுத்து, தான் போலீசை விளித்து முடிப்பதற்குள் இருவரும் சந்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்றார். தாண்டிவிட்டார்கள். அந்த அவசரத்தில் ஷாஜன் அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போனது அப்புறம்தான் தெரிந்தது. ஒருவேளை அதற்கும் சேர்த்துத்தான் வந்திருப்பார்கள் என்று ரசலையன் சொன்னார்.

ஒன்றரை மணிக்கு வீடு கேட்டு அடுத்த ஜோடி, அபினும் குளோரியும் வந்தார்கள். அபின் கேள்வி முடியுமுன் பதில் சொன்னான். கல்யாணப் புடவை இளநீலம், வெள்ளி பார்டர், ரவிக்கைக் கையில் முத்து வைத்தது. மாமியாரின் பெயரை இனிஷியலோடு சொன்னான். குளோரி பிறந்த நாளோடு பிறந்த நேரத்தையும் சொன்னான். ஹாலில் குளோரியின் பதில்களும் எழுத்துப் பிசகாமல் அதேதான். பத்துக்குப் பத்து.

நேசபாய்க்கு மனம் நிறைந்துவிட்டது. "பெண்டாட்டிய இப்பிடி ஓர்ம வச்சிருக்கணும்," என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "எனக்க கல்யாணப் பொடவ என்ன கலரு? சொல்லுங்கோ பாப்போம்."

ரசலையன் அவசரமாகச் சாவி எடுக்க உள்ளே போனார்.

அதே நேரத்தில் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜெப்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷாஜனின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அடுத்த வீட்டுக்கு நன்றாகப் படித்துவிட்டு வருவதாக அவன் அவள் காதருகே சொன்னான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஷாஜனுக்கும் ஜெப்சிக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. அபினுக்கும் குளோரிக்கும் அறிமுகமாகி ஒன்பது நாள்.