சாட்சி சொல்ல வேண்டிய பில்

வாங்கிய மூன்றாம் நாளே புகைந்து நின்றுபோன மிக்ஸி, அலமாரியில் தன் பக்கத்திலிருந்த பில்லிடம் சொன்னது: "கடைக்காரர் மாத்தித் தர முடியாதுன்னுட்டார். வீட்டம்மா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமான்னு யோசிக்கிறாங்க. எனக்குச் சாட்சி நீ ஒருத்தன்தான்."

பில் பதறியது. "என்னை அங்க இழுக்காதீங்கண்ணே. முத்திரை குத்துவாங்க. வக்கீல் வெளிச்சத்துல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் வெறும் துண்டுக் காகிதம்."

எண்ணெய்க் கவருக்கு அடியில் நழுவி அது ஒளிந்துகொண்டது.

வீட்டம்மாவுக்கும் பயம்தான். அலமாரி வரை வருவாள், ஒரு மிக்ஸிக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்பதா என்று திரும்பிவிடுவாள். பிறகு, ஆடி போகட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

"உன் மேல இருக்கிற எழுத்தெல்லாம் மங்கிட்டே வருது, தம்பி," என்றது மிக்ஸி.

"மங்கட்டும்ணே. யார் கண்ணுலயும் படாம இருந்தா போதும்."

ஆவணி பிறந்ததும் ஒரு காலையில் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து பில்லை எடுத்தாள். இவ்வளவு பயந்தவளே கிளம்பிவிட்டாள் என்றதும் பில்லுக்கு முதல்முறையாகத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தது.

அவள் அந்த வெற்று வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.