கொடிக்கயிறும் ஆறு வால்வும்

"அய்ய, துணி காயப்போடற கயித்த எதுக்கு என்ஜினுக்குள்ள வுடற?" டார்ச்சைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான் மோகன்குமார்.

"பேசாம லைட்ட நேரா காட்டுங்க," என்றாள் அவன் மனைவி வளர்மதி.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் நின்றது வேதகிரியின் பழைய பெட்ரோல் வேன். உத்திரமேரூரைச் சுற்றி நாலு ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வண்டி. கொஞ்ச நாளாக ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் பின்னால் நீலமாகப் புகை. விடிந்தால் எஃப்.சி., வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்க்கிற சோதனை. புகையோடு போனால் வண்டி ஃபெயில், வேதகிரியின் பிழைப்பும் படுத்துவிடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போதே மணி மூன்று. வெயிலுக்கென்று மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே புழுங்கித் தள்ளியது.

வளர்மதி கல்யாணத்துக்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ஆறு வருஷம் என்ஜின் பூட்டுகிற லைனில் நின்றவள். புகையின் நிறத்தைப் பார்த்ததுமே, "வால்வு சீல் போச்சி" என்று சொல்லிவிட்டாள். வால்வின் கழுத்தில் மாட்டியிருக்கும் சுண்டைக்காய் அளவு ரப்பர் தொப்பிதான் சீல். அது காய்ந்து வெடித்தால் ஆயில் உள்ளே ஒழுகி எரியும்.

"சொல்லு மதி, கயிறு இன்னாத்துக்கு?"

"சீல மாத்தணும்னா மேல கீற ஸ்பிரிங்க எடுக்கணும். எடுத்துட்டா வால்வு புடிமானம் இல்லாம உள்ள விழுந்துடும். அப்புறம் என்ஜினயே பிரிக்கணும். பிளக்கு ஓட்டை வழியா கயித்த ரொப்பிட்டு பிஸ்டன மேல தூக்கினா, கயிறு இறுகி வால்வுக்கு முட்டுக் குடுக்கும். புரியுதா?"

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள். அவன் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான். அவள் எதைத் தொட்டாலும் அது என்ன, எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டே தீரவேண்டும் அவனுக்கு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகூட இத்தனை கேட்காது.

பழைய இரும்புக் குழாய்த் துண்டின் அடியில் ஜன்னல் மாதிரி வெட்டி வைத்திருந்தாள் வளர்மதி. அதை ஸ்பிரிங்கின் தலையில் நிறுத்தி, குறுக்கே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினாள்.

"கம்பெனியில இதுக்குன்னு டூல் கீது. இருந்தா அஞ்சு நிமிஷ வேலை," என்றாள் மூச்சு வாங்க. "வூட்டுக்கு எத்துக்கினு வர முடியாதத பத்திப் பேசி இன்னா ஆவப் போவுது!"

மோகன்குமாருக்குச் சுருக்கென்றது. டார்ச்சை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

ஸ்பிரிங் இறங்கியது. ஜன்னல் வழியாக, வால்வைப் பூட்டியிருந்த பூண்டுப்பல் அளவு லாக் இரண்டும் தெரிந்தன. காந்தத்தில் தேய்த்த ஸ்க்ரூ டிரைவரால் ஒன்றை அலுங்காமல் எடுத்தாள். இரண்டாவதைத் தொடும்போது குழாய் வழுக்கியது. டிங்! லாக் எங்கேயோ தெறித்தது.

"எங்க போச்சி?"

"தெரியலியே! அது இல்லன்னா வண்டி நகராதுங்க!"

காஞ்சிபுரம் போய் வாங்கி வருவதற்குள் வேதகிரி வந்து நிற்பார். இரண்டு பேரும் மண்டி போட்டு மண்ணில் காந்தத்தை இழுத்தார்கள். ஆணி வந்தது, சோடா மூடி வந்தது, லாக் மட்டும் வரவில்லை.

"போச்சி மதி, நம்ம பேரு நாறிடும்," என்று புலம்பினான் மோகன்குமார். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை உதறினான். காலடியில் பொத்தென்று விழுந்தது லாக்.

"அடப்பாவி மனுஷா! மடியில வெச்சிக்கினு என்ன மண்ண நோண்ட வுட்டீங்களே!" அழ இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் கை நிற்கவே இல்லை. பழைய ரப்பர் சீலைக் குறட்டால் பிடுங்கினாள். புதியதை ஆயிலில் முக்கி, சின்னக் குழாய்த் துண்டை மேலே வைத்துப் பதமாகத் தட்டினாள். ஆறு வால்வும் முடிய நாலரை ஆகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்சம் புகைந்தது. "பழைய ஆயிலு, எரிஞ்சி தீரட்டும்," என்றாள். பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். சைலன்சருக்கு நேராக மோகன்குமார் பிடித்திருந்த வெள்ளைத் துண்டு அழுக்காகவே இல்லை.

"மதி, சாதிச்சிட்ட!" துண்டை விரித்து அவளிடம் காட்டினான்.

தெருவில் பைக் சத்தம் கேட்டது. வளர்மதி அவனைத் தார்ப்பாய் ஓரமாக இழுத்தாள்.

"கயிறு எதுக்கு?"

"வால்வு விழாம முட்டுக் குடுக்க."

"சீல ஏன் ஆயில்ல முக்கணும்?"

"காய்ஞ்சி மாட்டினா கிழிஞ்சிடும்."

"பாஸு!" தன் கைகளில் இருந்த கறுப்பு ஆயிலை அவன் சட்டையிலும் கன்னத்திலும் நன்றாக இழுத்துப் பூசினாள். ஸ்பானரை அவன் கையில் திணித்தாள். "போங்க. பொம்பள கை வெச்சதுன்னு தெரிஞ்சா அந்த ஆளு புள்ளைங்கள ஏத்த மாட்டாரு."

அவள் அடுப்படிக்குள் மறையவும் வேதகிரி கொல்லைக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"வாப்பா மெக்கானிக்கு! பஜார்ல அவ்ளோ பெரிய ஒர்க் ஷாப்பு வெச்சிக்கினு, என்ஜின் வேலைய மட்டும் வூட்டுக்கு எத்துக்கினு வந்து பண்றியே, அப்பிடி இன்னாப்பா தொழில் ரகசியம்?"