வாபஸ் வாங்காதவர்

"வாபஸ் வாங்க மாட்டேன் சார்வாள். மோர் குடிச்சுட்டுப் போங்க."

பாண்டி பஜார் ஜவுளிக்கடை பொன்ராஜ் இதைச் சொல்வது ஆறாவது தடவை. ஷரீஃபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மோர் யாருக்கு வேண்டும்.

ஷரீஃப் கோர்ட்டில் நன்னடத்தை ஆபீசர். முதல் தடவை தப்புச் செய்தவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் இனி ஒழுங்காக இருப்பதாக பாண்டு எழுதி வாங்கி வெளியே விடச் செய்வதும், பிறகு ஒரு வருஷம் வாராவாரம் அவர்கள் வீட்டுக்குப் போய் விசாரிப்பதும் அவர் வேலை. கையில் நாற்பது ஃபைல், ஏறிப்போக ஓர் ஓட்டைச் சைக்கிள். நாற்பத்தொன்றாவதாக வந்து சேர்ந்தவள் பங்கஜம்.

யுத்தம் முடிந்தும் துணி ரேஷன் முடியாத வருஷம். பொன்ராஜ் கடையில் இரண்டு கண்ட்ரோல் விலைப் புடவைகளை முந்தானைக்குள் சுருட்டியவள் கையும் களவுமாக அகப்பட்டாள். புடவை கடைக்குத் திரும்பிவிட்டது. பொன்ராஜ் புகாரை வாபஸ் வாங்கினால் கேஸ் அன்றோடு தீரும். இல்லையென்றால் யாராவது பெரிய மனுஷர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் பாண்டு. அதற்கும் ஆள் இல்லையென்றால் மூன்று மாசம் ஜெயில்.

"ரெண்டு புடவைக்காக ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போகணுமா, அண்ணாச்சி?"

"களவு களவுதானே சார்வாள்."

ஷரீஃப் மோரைத் தொடாமல் எழுந்தார்.

தெருமுனையில் பங்கஜத்தின் புருஷன் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார் சொன்னாரு? பாண்டு கீண்டுலாம் வாணாம் சார். ஆபீசருங்க வூட்டாண்ட வந்துகினு இருந்தா மானம் பூடும். எப்டியாவது வாபஸ் வாங்க வெச்சுடு நைனா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இவன் மனசில் இருக்கிற ஈரத்தில் கால்வாசி அந்தக் கடைக்காரருக்கு இல்லையே என்று நினைத்தபடி ஷரீஃப் சைக்கிளில் ஏறினார்.

ஜாமீனுக்கு ஆள் தேடி மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரை சைக்கிள் மிதித்தார். போன இடமெல்லாம் பொன்ராஜைத் திட்டத் தயாராக இருந்தார்கள். "ஈவிரக்கமே இல்லாதவன் ஓய்" என்றார் ஒரு வக்கீல். கையெழுத்து என்றதும், "ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு வரேன்" என்று உள்ளே போனவர் போனவர்தான்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் கேட்டார்: "ஜாமீன் யார்?"

ஷரீஃப் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போடுதேன் எசமான்."

எழுந்து நின்றவர் பொன்ராஜ்.

"புகார் கொடுத்தவரே ஜாமீனா?"

"கூடாதுன்னு சட்டத்துல இருக்கா எசமான்?"

இல்லை. ஒரு வருஷ பாண்டில் பங்கஜம் வெளியே வந்தாள்.

வராந்தாவில் ஷரீஃப் பொன்ராஜைப் பிடித்துக்கொண்டார். "ஏன் அண்ணாச்சி, இதுக்கு அன்னைக்கே வாபஸ் வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா? பத்து நாளா என் உசுரு போகுது."

"கடையில அவளைச் சோதனை போட்டது என் வீட்டுக்காரி. முதுகு முழுக்க வரி வரியாத் தழும்பாம்."

"அது குழாயடியில வழுக்கி விழுந்ததுன்னு புருஷன் சொன்னானே. அப்படித்தான் ரிப்போர்ட்ல எழுதினேன்."

"வழுக்கி விழுந்தா பிரம்புத் தடம் எப்படி வரும் சார்வாள்? கடை வாசல்ல நின்னு எடு எடுன்னு கண்ணைக் காட்டினதும் அவன்தான். அவன் மேல புகார் சொல்ல அவ வாயைத் திறக்க மாட்டா. நான் வாபஸ் வாங்கினா கேஸ் தீந்துரும், அவ அவன்கிட்டயே போயிருவா. கேக்க நாதி இருக்காது. பாண்டுன்னா நீங்க வாராவாரம் அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கணும்லா?"

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஆறு தடவை வந்தீக. வாபஸ் வாபஸ்னீக. ஏன் வாங்கலைன்னு ஒரு தடவை கேட்டீகளா?"

நாற்பத்தொன்றாவது ஃபைல் தலையில் விழாமல் இருந்தால் போதும் என்றுதானே ஷரீஃபும் ஆறு தடவை நடந்தார்.

சைக்கிளை எடுக்கப் போனபோது புருஷன் இளித்துக்கொண்டு வந்தான்.

"வூட்டாண்ட எந்தக் கெயம சார் வருவே? திங்களா, வெள்ளியா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் ஷரீஃப்.