மெதுவான பகுதி முடியும்வரை

அறையில் இருப்பவர்கள்: மாமாவை விட்டுப் போவதென்று பெட்டியை மூடி நிறுத்திவிட்ட அக்கா, ஒலிபெருக்கிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவரான மாமா, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சோபாவில் தூங்குவதுபோல் கிடக்கும் நான். திரைச்சீலையின் கிழிசல் வழியே வெயில், சுழலும் இசைத்தட்டின் மேல் விழுந்து வழுக்குகிறது. "இந்த மெதுவான பகுதி முடியிற வரைக்கும்தான் இருப்பேன்" என்று, மாமா கெஞ்சியதற்காக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறாள். பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இதே கான்செர்ட்டோ, மூன்று வெவ்வேறு பேர் வாசித்த மூன்று பதிவுகளாக மாமாவிடம் இருக்கிறது. பியானோ நாலு சுரம் வாசிப்பதற்குள் அக்கா சிரித்துவிடுகிறாள்.

"இருக்கறதுலயே இழுத்தடிக்கிறவனாப் பார்த்துப் போட்டிருக்கீங்க."

"நல்ல ரெக்கார்டிங்மா."

"நல்லதுதான். யாரு இல்லேன்னாங்க?"

அவள் உட்காரவில்லை. செருப்புக் காலால் பெட்டியை முன்னும் பின்னும் உருட்டுகிறாள், சக்கரம் கிறீச்சிடுகிறது. கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார். வயலின்கள் ஒரே மூச்சை இழுத்துக்கொண்டே போகின்றன, விடுவதாகத் தெரியவில்லை. "சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போ," என்கிறார் மாமா, திரும்பாமல். அவள் விரல்களுக்குள் சாவி கிலுங்குகிறது. மெதுவான பகுதி முடிகிறது. மூச்சுவிட இடம் தராமல் மொத்த வாத்தியக் குழுவும் வேகத்தில் பாய்கிறது. மாமா தலையாட்டுகிறார், தாளம் தப்புகிறது. அக்கா குனிந்து ஒலியைக் குறைக்கிறாள், என் தூக்கத்துக்காகத் தினமும் குறைப்பதுபோல. "நடிச்சது போதும்டா. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்," என்கிறாள் என்னிடம். பெட்டியை உருட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துகிறாள். மேசை மேல் சாவி இல்லை. வெளியிலிருந்து அது பூட்டில் இரண்டு முறை திரும்புகிறது.