ஜாம்பியாவுக்கு மூணு பேர்

"ஏன்னா, சுந்தரியைக் காணலை!"

உள்ளேயிருந்து சீதாலக்ஷ்மி போட்ட கூச்சலில், வாசலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த டாக்ஸிக்கார வர்கீஸ் கையிலிருந்த வடாம் டின்னை நழுவவிட்டார்.

"சரியாப் பாரு. கட்டிலுக்கு அடியில இருக்கும்" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"எல்லா எடத்துலயும் பாத்தாச்சு. கூடை காலியாக்கும் கெடக்கு!"

மட்டாஞ்சேரியில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருந்த வெங்கிடேஸ்வரனுக்கு ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவில், வேலை கிடைத்திருந்தது. சம்பளம் எட்டு மடங்கு. சீதாலக்ஷ்மி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சுந்தரி வந்தால் அவளும் வருவாள், இல்லாவிட்டால் இல்லை. குழந்தையில்லாத அந்த வீட்டில் எல்லாமே அந்த வெள்ளைப் பூனைதான்.

அதற்காக வெங்கிடேஸ்வரன் ஒன்பது தடவை எறணாகுளத்துக்குப் படகேறினார். மிருக டாக்டரிடம் ஊசி போட்டு, சர்டிபிகேட் வாங்கி, ஜாம்பியா சர்க்காரிடமிருந்து முத்திரை குத்திய பர்மிட்டும் வரவழைத்துவிட்டார். புருஷன் பெண்டாட்டி விசாவுக்கு முன்னால் பூனையின் பர்மிட் வந்து சேர்ந்தது. நேற்று சாயங்காலம் தெருவே திரண்டு மூவருக்கும் மாலை போட்டது. சுந்தரி தன் மாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

பதினோரு மணிக்கு ஐலண்ட் விமான நிலையத்திலிருந்து பம்பாய் விமானம். இப்போது மணி எட்டரை.

தேடல் அமர்க்களப்பட்டது. வெங்கிடேஸ்வரன் அரிசி டின்னுக்குள் தலையை விட்டு "சுந்தரீ!" என்று கூப்பிட்டார். வர்கீஸ் ஓட்டின் மேலேறி இரண்டு ஓட்டை உடைத்தார். அடுத்த வீட்டு சிவசங்கரன் இரண்டு கையிலும் இரண்டு பூனைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இதுல எதாக்கும் சுந்தரி?"

"ஓய், ஒண்ணு கறுப்பு, இன்னொண்ணு கடுவன்!"

"தேடச் சொன்னேள், தேடினேன். கலர் யார் சொன்னா?"

வர்கீஸ் ஓட்டின் மேலிருந்தே ஒரு யோசனை சொன்னார். "ஏதெங்கிலும் ஒரு பூனை போராதா மாமி? ஆப்ரிக்கக்காரனுக்கு எங்ஙன தெரியும்?"

"பர்மிட்ல 'வெள்ளை, வாலில் மட்டும் கறுப்பு'ன்னு எழுதியிருக்கே!" என்று சீதாலக்ஷ்மி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். கண் இரண்டும் சிவந்து, கன்னம் முழுக்க நீர் வழிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி அழுது வெங்கிடேஸ்வரன் பார்த்ததில்லை.

மணி ஒன்பதரை. ஒன்பதே முக்கால். பத்து.

"சாறே, இனியும் நின்னா பிளேன் கிட்டூல்லா" என்று வர்கீஸ் இறங்கிவந்து கையை விரித்தார்.

வெங்கிடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "சீதே, வேணும்னா நாம ரெண்டு பேர் மாத்திரம்..."

அவ்வளவுதான். சீதாலக்ஷ்மியின் அழுகை தெருக்கோடி வரை கேட்டது.

"சரி சரி, போகலை! பெட்டியை எறக்குங்கோ! ஸ்கூல்ல லீவுதானே போட்டிருக்கேன், ராஜிநாமா பண்ணலையே. திங்கட்கிழமை போய் நின்னாச் சேத்துப்பா."

"என்னாலதானே உங்க ஆப்பிரிக்கா போச்சு..."

"போனாப் போறது, அழாதே. எனக்கு நீதான் முக்கியம், கேட்டியா?"

பதினோரு மணி சுமாருக்கு ஓடுகள் அதிர விமானம் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பஜார்ப் பக்கம் ஒரு தடவை தேடிட்டு வரேன்" என்று வெங்கிடேஸ்வரன் செருப்பை மாட்டினார்.

தெருவைத் தாண்டும்வரை தளர்ந்து நடந்தவர், மூலை திரும்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த பேச்சியின் காய்கறிக் கடைக்குள் நுழைந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பேச்சி, பிளேன் போயாச்சு. சுந்தரியைக் கொண்டா."

ஆமாம், விடியற்காலையில் பையில் போட்டு எடுத்துவந்து விட்டவர் அவர்தான். வேலை உத்தரவு வந்த நாளிலிருந்தே ஆகாயத்தில் ஏறுவதை நினைத்து அவர் சரியாகத் தூங்கவில்லை. ஆனால், 'எங்காத்துக்காரர் ஆப்பிரிக்கா போறார்' என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எந்த முகத்தோடு பயமாயிருக்கிறது என்று சொல்வார்?

பேச்சி கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினாள். சுந்தரி உள்ளே உட்கார்ந்து, ஆசாரத்தையெல்லாம் மறந்து, ஒரு மத்தி மீன் தலையை ருசித்துக்கொண்டிருந்தது.

"சீதாகிட்ட மூச்சு விடாதே பேச்சி. பாவம், காலையிலேருந்து அழுது அழுது கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு."

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நீங்க விட்டுட்டுப் போன அரைமணியில மாமியும் வந்தாவ சாமி, இதே பூனையை ஒளிச்சு வைக்க எடம் கேட்டு! இது இங்க ஏற்கெனவே உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, 'அப்பாடா, அவருக்கும் போக இஷ்டமில்லையா'ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம், வீட்டுல வெங்காயமே சேக்காத மாமி, கண்ணுல தேச்சுக்கிடணும்னு நல்ல காரமா நாலு வெங்காயம் பொறுக்கி வாங்கிட்டுப் போனாவ!"